பிறந்த குழந்தையின் மொழி: தாய்க்கும் தாய்வீட்டாருக்கும் ஒரு பாடம்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடுவதை நாம் அறிவோம். அவற்றுள் முதலாவதாகிய காப்புப் பருவம் மூன்றாம் மாதத்தில் தொடங்குவதாகக் கொள்வது மரபு. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால் என்று அது வளர்ந்து செல்லும். பிறந்த நாள் முதல் மூன்றாம் மாதம் வரையுள்ள காலத்திற்கு அங்கே பருவம் இல்லை. புலவர்களைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. மேலைநாட்டு அறிஞரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தனர். அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட பெருநூலில், பிறந்த குழந்தைக்கு உலகம் பிரித்தறிய இயலாத ஒரே குழப்பமாகவே தோன்றும் என்று எழுதினார். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்திலும் குழந்தை உளவியல் பாடத்தில் பச்சிளங்குழந்தைக்குக் கிடைத்த இடம் அரைப் பக்கமே. உறிஞ்சும், பற்றும், அழும், உறங்கும்; இவை அனிச்சைச் செயல்கள் என்று எழுதி மனப்பாடம் செய்தோம்; மதிப்பெண்ணும் பெற்றோம்.

ஏறத்தாழ 60 ஆண்டுகளாக அக்கருத்து மாறி வந்திருக்கிறது. பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தை பார்க்கிறது, கேட்கிறது, ஒன்றை விட்டு மற்றொன்றைத் தெரிவு செய்கிறது, போதும் என்று மறுக்கிறது, தன்னைத்தானே தேற்றிக்கொள்ளவும் முயல்கிறது. இவற்றைச் சொல்ல அதற்குச் சொற்கள் இல்லை, உடல் இருக்கிறது. அந்த உடல்மொழியைத் தாயும் தந்தையும் படித்தறிவதற்குப் பாட்டி, மாமியார், அத்தை, சித்தி என்று சுற்றி நிற்கும் நாம் எவ்வாறு துணைபுரிவது, எவ்விடத்தில் அறியாமலே குறுக்கே நின்றுவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

குழந்தை எதை நாடுகிறது?

1963இல் ராபர்ட் ஃபான்ட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர், பிறந்து 10 மணி நேரம் முதல் 5 நாள் வரை ஆன குழந்தைகளுக்குச் சில வட்டத் தட்டுகளைக் காட்டினார். சிலவற்றில் முகம் போன்ற படமும் கோடுகளும் இருந்தன. சில வெறும் வண்ணத் தட்டுகள். குழந்தைகள் வடிவம் உள்ளவற்றையே நெடுநேரம் பார்த்தன. பிறந்த குழந்தைக்குக் கண் தெரியாது என்று இன்றும் சொல்வோர் உண்டு. கண் தெரியும். ஆனால் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 செ.மீ. தொலைவில் உள்ளது மட்டுமே. பால் கொடுக்கும் தாயின் மடியிலிருந்து அவள் முகம் இருக்கும் தொலைவு ஏறத்தாழ அதுவே. இயற்கையின் இந்தக் கணக்கு எத்துணைச் சரியானது, பாருங்கள்!

செவி இதனினும் முந்திவிடுகிறது. 1980இல் அந்தோணி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்னும் இருவர், பிறந்து 3 நாள் நிறையாத குழந்தைகளின் வாயில் ஒரு சூப்பானை வைத்தனர். ஒரு வகையாக உறிஞ்சினால் தன் தாயின் குரல் கேட்கும்; வேறு வகையாக உறிஞ்சினால் அயலாள் ஒருத்தியின் குரல் கேட்கும். குழந்தைகள் தம் தாயின் குரலைக் கேட்கும் வகையில் உறிஞ்சும் வேகத்தையே மாற்றிக்கொண்டன. கருவிலேயே கேட்டுப் பழகிய குரல் அது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் முதலிற் கற்ற விதி. குழந்தையும் அந்த விதிப்படியே தெரிந்த குரலிலிருந்து தெரியாத முகத்திற்குச் செல்கிறது.

தந்தையர் இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் நன்று. 1984இல் நடந்த மற்றோர் ஆய்வில், பிறந்த குழந்தைகள் தந்தையின் குரலுக்கும் வேறோர் ஆடவர் குரலுக்கும் வேற்றுமை காட்டவில்லை. இதனைக் கேட்டு எந்தத் தந்தையும் வருந்த வேண்டியதில்லை. கருவறையில் இருந்தபோது தாயின் குரல் அளவிற்குத் தந்தையின் குரல் குழந்தையைச் சென்று சேர்வதில்லை. அதனை இனிமேல்தான் ஈட்டிக்கொள்ள வேண்டும். பிரசவத்திற்குத் தாய்வீடு செல்லும் நம் வழக்கத்தில், தந்தை வாரம் ஒருமுறை வந்து தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுகிறார். அவர் கையில் குழந்தையைக் கொடுத்து, அரைமணி நேரமாவது பேச விட வேண்டும். எதைப் பேசுவது என்று கூச்சப்படுவார். விலைவாசியைப் பற்றிப் பேசினாலும் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும்.

மணமும் அப்படியே. 1975இல் வெளியான மக்ஃபார்லேன் என்பவரின் ஆய்வில், ஏறத்தாழ ஆறு நாள் ஆன குழந்தைகள் தம் தாயின் மார்பில் வைத்திருந்த துணியின் பக்கமே அடிக்கடி தலையைத் திருப்பின. வீட்டிற்கு வந்த உறவினர் எல்லாரும் வாசனைத் தைலமும் பவுடருமாகக் குழந்தையை மாற்றி மாற்றி வாங்கிக்கொஞ்சும்போது அது ஏன் முகத்தைச் சுளிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமோ?

நாக்கை நீட்டினால் குழந்தையும் நாக்கை நீட்டும் என்று 1977இல் மெல்ட்ஸாஃப், மூர் என்போர் வெளியிட்ட செய்தி மிகவும் பேசப்பட்டது. ஆனால் 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்று அதனை உறுதி செய்யவில்லை. ஆகவே பேரன் நாக்கை நீட்டவில்லை என்று எந்தப் பாட்டியும் கவலைப்பட வேண்டா.

ஆறு நிலைகள்

குழந்தை செய்யும் எதனையும் புரிந்துகொள்வதற்கு முன் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது? பாஸ்டன் நகரில் பீட்டர் வுல்ஃப் என்பாரும், நெதர்லாந்தில் ஹைன்ஸ் பிரெக்டல் என்பாரும் குழந்தைகளின் அருகே மணிக்கணக்கில் அமர்ந்து கண்டறிந்த உண்மை இது. அவர்களைப் பின்பற்றி இன்று ஆறு நிலைகளைச் சொல்கின்றனர்.

முதலாவது ஆழ்ந்த உறக்கம். மூச்சு சீராக ஓடும், இமை அசையாது. இந்த வேளையில் எழுப்பிப் பால் கொடுக்க முயல்வது கல்லை உருட்டுவது போன்றது. இரண்டாவது மேலோட்டமான உறக்கம். மூடிய இமைக்குள் விழி ஓடும், மூச்சு ஏறி இறங்கும், உதடு குவியும், சிரிக்கும், சிணுங்கவும் செய்யும். நரி விரட்டுகிறது என்று மூதாட்டியர் இதனைச் சொல்வர். பச்சிளங்குழந்தை ஒரு நாளில் 16 மணி நேரம் வரை உறங்கினாலும் அதில் ஏறத்தாழப் பாதி இவ்வகை உறக்கமே. சிணுங்கல் கேட்டவுடன் விழித்துவிட்டது என்று எண்ணி வாரியெடுத்தால், உறங்கிக்கொண்டிருந்த குழந்தையை நாமே எழுப்பியவராவோம். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் மீண்டும் ஆழ்ந்து உறங்குவதைக் காணலாம். மூன்றாவது அரைத்தூக்கம், இமை கனத்துத் திறந்து மூடும், இப்பக்கமும் போகலாம், அப்பக்கமும் போகலாம்.

நான்காவதுதான் நம் பாடத்திற்கு உயிர் போன்றது. அதனை அமைதியான விழிப்பு என்போம். கை கால் ஆடாமல் அடங்கியிருக்கும், கண் ஒளியுடன் விரிந்திருக்கும், முகம் தெளிந்திருக்கும். பிறந்தவுடன் முதல் ஒரு மணி நேரத்தில் இந்நிலை பெரும்பாலும் நீண்டு நிற்கும். பின்னர் வரும் நாள்களில் சில சில நிமிடங்களே வாய்க்கும். வாரங்கள் செல்லச் செல்ல நீளும். குழந்தை முகத்தைப் பார்ப்பதும், குரல் வந்த பக்கம் திரும்புவதும், கண்ணால் பின்தொடர்வதும் இந்நிலையில்தான். பள்ளியில் தயார்நிலை என்று ஒன்றைச் சொல்வோம். மாணவன் தயாராக இல்லாத வேளையில் எத்துணைச் சிறந்த பாடமும் வீண். பிறந்த குழந்தையின் தயார்நிலை இதுவே. பெரும்பாலான வீடுகளில் இந்தச் சில நிமிடங்கள் வீணாகிப் போகின்றன. குழந்தை அழாமல் கிடக்கிறதே, இதுதான் சமயம் என்று தாய் துணி துவைக்கச் சென்றுவிடுகிறாள். அல்லது நாம் அனுப்பிவிடுகிறோம். துணியை வேறொருவர் துவைக்கலாம். அந்த முகத்தின் இடத்தில் நிற்க வேறொருவரால் எளிதில் இயலாது.

ஐந்தாவது துடிப்பான விழிப்பு. கை கால் உதைக்கும், முனகும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், கன்னத்தில் பட்டது எதுவாயினும் அப்பக்கம் வாயைத் திருப்பும். இது பசியின் முதல் மணி. ஆறாவது அழுகை. பசிக்கு அழுகை என்பது கடைசி மணி என்று அறிக. முதல் மணியிலேயே மார்போடு அணைத்தால் குழந்தை எளிதாகப் பற்றிக் குடிக்கும். கத்திக் கதறி நாக்கு மேலெழுந்த பின் கொடுத்தால் பற்றாது, பால் இல்லை போலும் என்று வீட்டார் முடிவு கட்டுவர், புட்டிப்பால் வந்துசேரும். எத்தனையோ தாய்மாருக்குப் பால் இல்லை என்ற பட்டம் இப்படித்தான் வந்தது.

உறங்குகிறதா, ஒதுங்குகிறதா?

பாஸ்டன் நகர்க் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் (1918-2018) 1973இல் பிறந்த குழந்தையின் நடத்தையை மதிப்பிடும் முறையொன்றை வெளியிட்டார். பின்னர் திருத்தப்பெற்ற அதன் வடிவில் 28 நடத்தைக் கூறுகளும் 18 அனிச்சைச் செயல்களும் உள்ளன. தேர்வுத்தாள் திருத்தியே காலம் கழித்த என் போன்றோர்க்கு அதில் மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. குழந்தை பலமுறை செய்ததன் சராசரியை அவர் குறிப்பதில்லை. அது மிகச் சிறப்பாகச் செய்த ஒன்றையே குறிப்பார். சிறப்பாகச் செய்யவில்லையெனில், வேளையும் இடமும் பொருந்தவில்லையோ என்று சோதிப்பவர் தம்மையே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவர் முறையில் ஒரு சோதனை: உறங்கும் குழந்தையின் மூடிய கண்மீது டார்ச் விளக்கின் ஒளியைச் சற்றே காட்டுவர். குழந்தை துணுக்குறும். மீண்டும் காட்டினால் துணுக்கம் குறையும். சிலமுறை காட்டிய பின் அசையாது உறங்கும். கிலுகிலுப்பை ஒலிக்கும் இவ்வாறே. தேவையற்ற ஒலியையும் ஒளியையும் தள்ளி வைத்துத் தன் உறக்கத்தைக் காத்துக்கொள்ளும் இத்திறன் குழந்தையின் முதல் தற்காப்பு எனலாம். ஆனால் இதற்கும் அளவு உண்டு. பெயர் சூட்டு விழாவில் ஒலிபெருக்கியும் பேச்சொலியும் நிறைந்த கூடத்தில் குழந்தை மரக்கட்டைபோல் உறங்குவதைக் கண்டு, எவ்வளவு சமர்த்து என்று மெச்சுகிறோம். அன்றிரவு விடாமல் அழுதால் கண் பட்டுவிட்டது என்று சுற்றிப்போடுகிறோம். பகலெல்லாம் உலகைத் தள்ளி நிறுத்தி அது களைத்துப் போயிருக்கக்கூடும். கூடத்தின் நடுவில் இருந்த தொட்டிலை உள் அறைக்கு மாற்றியிருந்தால் போதும்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இத்திறன் ஒரே அளவில் இருப்பதில்லை. பிரேசல்டன் 1969இல் எழுதிய நூலில் அமைதியான குழந்தை, இடைநிலைக் குழந்தை, துடிப்பான குழந்தை என்று மூவகையினரின் முதலாண்டை அடுத்தடுத்து வரைந்து காட்டினார். மூவரும் நலமானவர்களே. அக்காள் குழந்தை இப்படியா அழுதது என்று தங்கையிடம் கேட்பவர்கள் இதனை நினைவிற்கொள்க.

மாலை நேர அழுகை

1962இல் பிரேசல்டன், 80 குழந்தைகளின் தாய்மாரைக் கொண்டு நாள்தோறும் அழுகை நேரத்தைக் குறித்து வைக்கச் செய்தார். இரண்டாவது வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1¾ மணி நேரமாக இருந்த அழுகை, ஆறாவது வாரத்தில் 2¾ மணி நேரமாக உயர்ந்து, பின் படிப்படியாகக் குறைந்து, பன்னிரண்டாவது வாரத்திற்குள் அடங்கியது. மாலையிலும் முன்னிரவிலும்தான் அது மிகுந்தது. வெவ்வேறு நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளிலும் அழுகை இதே போன்று ஏறி இறங்கும் போக்கே காணப்பட்டது. ஆறாவது வாரத்தில் அழுகை கூடுவது தாயின் பிழையால் அன்று. பால் குறைவாலும் அன்று. வளர்ச்சியில் வந்து போகும் ஒரு கட்டம் அது. இந்த ஒரு செய்தி முன்கூட்டியே தெரிந்திருந்தால் எத்தனை கண்ணீர் மிஞ்சியிருக்கும்!

பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொள்ளும் நம் இல்லங்களில் மாலை நேரம் அடுக்களை நெருக்கும் நேரமாகும். சரியாக அந்த வேளையில்தான் குழந்தையும் தொடங்குகிறது. அடுப்பில் குழம்பு, கூடத்தில் அழுகை, நடுவே பச்சை உடம்புக்காரி. இதற்கு மருத்துவம் தேவையில்லை, ஏற்பாடு தேவை. அந்த இரண்டு மாதங்களுக்கு மாலைச் சமையலில் இளந்தாய்க்குப் பங்கு வேண்டா என்று வீட்டில் மூத்தவர் சொல்லிவிட வேண்டும். குழந்தையைச் சுமப்பதில் வீட்டிலுள்ள ஆடவர்க்கு முறை வைக்கலாம்.

தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டால் கைப்பழக்கம் ஆகிவிடும் என்பது நாம் எல்லாரும் கேட்டும் சொல்லியும் வந்த எச்சரிக்கை. கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஹன்சிகர், பார் என்னும் இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. அழாத வேளையிலும் சேர்த்து நாளொன்றுக்குக் கூடுதலாகச் சுமக்கப்பட்ட குழந்தைகள், ஆறாவது வாரத்தில் மற்றவற்றைவிட 43 விழுக்காடு குறைவாக அழுதன. முன்னரே மிகுதியாக அழத் தொடங்கிவிட்ட குழந்தைகளுக்கு இது அத்துணைப் பயன் தரவில்லை என்று பின்னைய ஆய்வில் தெரிந்தது. அதனையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1972இல் சில்வியா பெல், மேரி எயின்ஸ்வொர்த் ஆகியோர் பால்டிமோர் நகரில் 26 தாய்மாரை ஓராண்டு பின்தொடர்ந்து, முதல் மாதங்களில் அழுகைக்கு விரைந்து ஓடிவந்த தாய்மாரின் குழந்தைகள் ஆண்டின் இறுதியில் குறைவாகவே அழுதன என்று கண்டனர். அம்முடிவை எதிர்த்து வாதிட்டோரும் உண்டு. எனினும், தூக்கினால் கெட்டுவிடும் என்பதற்கு இதுவரை யாரும் சான்று காட்டியதாகத் தெரியவில்லை. முதல் மூன்று மாதத்தில் பிடிவாதம் என்ற சொல்லையே வீட்டிற்குள் விடாதீர்கள் என்பேன்.

அழுகைக்கு மறுமொழியாக எதையாவது வாயில் ஊற்றும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தேன் நம் இல்லங்களில் இல்லை. அந்த மட்டில் நன்மையே. சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, கிரைப் வாட்டர் ஆகியனவும் வேண்டா. ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அறிவுரை. உரம் விழுந்தது என்று துணியில் போட்டு உருட்டுவதையும் தலைகீழாகப் பிடிப்பதையும் அறவே விட வேண்டும். மற்றுமொன்று: எவ்வளவு செய்தும் அழுகை நிற்காமல், தூக்கியவருக்கே சினம் தலைக்கேறும் நேரம் வரும். வராது என்று பாசாங்கு செய்வதில் பயனில்லை. அப்போது குழந்தையைப் பாதுகாப்பாக மல்லாக்கக் கிடத்திவிட்டு வெளியே போய் நில்லுங்கள், வேறொருவரை அழையுங்கள். குலுக்குவது மட்டும் கூடவே கூடாது. பச்சை மூளை அதனைத் தாங்காது.

முகத்தைத் திருப்பும் குழந்தை

தாய் கொஞ்சிப் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கொட்டாவி, தும்மல், விக்கல், விரல்களை விரித்தல், முதுகை வளைத்தல், முகம் சிவத்தல் அல்லது வெளிறுதல் ஆகியவையும் உடன் வரலாம். இவை எல்லாம் 'சற்றுப் பொறு' என்பதன் பல வடிவங்கள். இளைப்பாறிய பின் அதுவே திரும்பிப் பார்க்கும். இதனை அறியாத தாய் என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று எண்ணி, விட்டுவிடுகிறாள். அல்லது கிலுகிலுப்பையை இன்னும் பலமாக ஆட்டுகிறாள்.

தாய் திரும்பிக்கொண்டால் குழந்தைக்கு எப்படி இருக்கும்? எட்வர்ட் ட்ரோனிக் என்பவரும் பிரேசல்டன் உள்ளிட்ட சிலரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், சில மாதக் குழந்தையோடு சிரித்து விளையாடிய தாயைச் சில நிமிடம் சலனமற்ற முகத்துடன் வெறுமனே பார்க்கச் சொன்னார்கள். குழந்தை முதலில் முகம் மாறியது. பின்னர்ச் சிரித்தும் கையை நீட்டியும் அவளை மீட்கப் பார்த்தது. இயலாதபோது தானும் திரும்பிக்கொண்டது. சில நிமிடச் சோதனை அது. அதனால் கேடு விளைவதில்லை. ஆனால் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பால் கொடுக்கும் இந்நாளில் அதனை நினைத்துப் பார்ப்பது தகும்.

இவ்விடத்தில் செல்மா ஃப்ரைபெர்க் அம்மையாரைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறவியிலேயே பார்வையற்ற குழந்தைகளோடும் அவர்தம் பெற்றோரோடும் பணியாற்றி, 1977இல் ஒரு நூல் எழுதினார். பார்வையில்லாத குழந்தை கண்ணோடு கண் நோக்காது, சிரிப்பு அரிது, முகத்தில் மாற்றம் குறைவு. தாய் பேசும்போது அசைவற்றுக் கிடக்கும். இதற்கு என்னிடம் நாட்டமே இல்லை என்று தாய்மார் மனமுடைந்து ஒதுங்கினர். அம்மையார் முகத்தை விட்டுக் கைகளைப் பார்த்தார். தாயின் குரல் கேட்டதும் விரல்கள் தேடின. அவள் கை பட்டதும் பற்றித் தடவின. அசையாமல் கிடந்தது கேட்பதற்காகவே. கைகளைப் பாருங்கள் என்று அவர் தாய்மார்க்குக் காட்டினார். கண்ட தாய், பேசத் தொடங்கினாள்; அணைக்கத் தொடங்கினாள். அங்கே அவர் செய்தது அறிவுரை கூறுதல் அன்று. தாயின் கண்ணில் படாதிருந்த ஒன்றைப் படச் செய்தார். எனக்குத் தெரிந்த வரையில் கற்பித்தல் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

சொல்லாமல் காட்டுதல்

பிரேசல்டனின் முறை ஆய்வாளர்க்கும் மருத்துவர்க்கும் உரியது. அவரோடு பணியாற்றிய கெவின் நியூஜெண்ட் என்பவரும் உடன் பணியாற்றியோரும் அதனைப் பெற்றோர்க்கு ஏற்ற வடிவில் சுருக்கி, 2007இல் ஒரு கையேடாக வெளியிட்டனர். பிறந்தது முதல் மூன்று மாதம் வரையுள்ள குழந்தைக்கு உரியது அது. பிள்ளைத்தமிழ் விட்டுவைத்த அதே காலம்! அதில் 18 கூறுகள். ஒளிக்கும் ஒலிக்கும் பழகுதல், தசைவலிவு, கைப்பற்று, உறிஞ்சுதல், முகத்தையும் குரலையும் நாடுதல், சிவப்புப் பந்தைக் கண்ணால் தொடர்தல், அழுதல், தேறுதல் முதலியன. மதிப்பெண் இடுவது இதன் நோக்கமன்று. தாயும் தந்தையும் அருகிலிருக்க, செவிலியர் அவர்களோடு சேர்ந்து குழந்தையைப் பார்ப்பார். 'உங்கள் குரல் கேட்டதும் திரும்பியதைப் பார்த்தீர்களா?' என்பார். 'இதற்கு முன் எப்போது இப்படிச் செய்தது?' என்று கேட்பார். விடை தாயிடமிருந்து வர வேண்டும்.

இம்முறை பெரும் பயன் தருகிறதா என்று 2018இல் காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பாளர்கள் ஆராய்ந்தனர். தாய் சேய் உறவில் சிறு நன்மை தென்படினும், கிடைத்த சான்றுகள் மிகவும் வலுவற்றவை என்றே முடிவு கூறினர். ஆகவே இதனை அருமருந்தாக எண்ண வேண்டா. கருவியோ செலவோ இல்லாத இதனை வீட்டிலேயே செய்து பார்ப்பதில் இழப்பு ஏதுமில்லை என்பது என் கருத்து.

இனி மூத்தவர்களாகிய நமக்கு. குழந்தை அழுததும் தாயின் கையிலிருந்து வாங்கி, இரண்டே தட்டில் அமர்த்தி, பார்த்தாயா என்று நாம் புன்னகைக்கும்போது, அமர்ந்தது குழந்தை; சுருங்கியது தாய். நமக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். அவளுக்கு முப்பது நாள். வாங்கிக்கொள்வதற்கு மாறாக அருகில் அமர்ந்து, 'கையை மார்போடு சேர்த்துப் பிடித்துப் பார் அம்மா, அப்படிப் பிடித்தால் அடங்குகிறது போலிருக்கிறது' என்று சொல்லலாம். அவள் கையிலேயே குழந்தை அமரட்டும். 'உன் குரலுக்குத்தான் திரும்புகிறது, என் குரலுக்கு இல்லை' என்று ஒரு மாமியார் மருமகளிடம் சொன்னால், அந்த வீட்டில் அன்றைக்குப் பத்துப் பலகாரம் செய்து பரிமாறியதற்குச் சமம்.

தாயையும் பாருங்கள்

குழந்தையை எல்லாரும் பார்க்கிறோம். பெற்றவளைப் பார்ப்பவர் குறைவு. பிரசவத்திற்குப் பின் சில நாள் காரணமின்றிக் கண்ணீர் வருவது இயல்பு, தானே தணியும். இரண்டு வாரம் கடந்தும் உறக்கமின்மை, எதிலும் பற்றின்மை, நான் தகுதியற்றவள் என்னும் எண்ணம், குழந்தையைத் தொடவே அச்சம் ஆகியவை நீடித்தால் அது நோய். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலக நலவாழ்வு அமைப்பின் இதழில் வெளிவந்த கணக்குப்படி, பெற்ற தாய்மாருள் 22 விழுக்காட்டினர்க்கு இச்சோர்வு உண்டு. ஏறத்தாழ ஐவரில் ஒருத்தி. பெண் பிறந்ததற்காக முகம் சுளித்த வீடுகளில் இது இன்னும் மிகும் என்று சொல்ல ஆய்வு எதற்கு? சோர்ந்த தாயின் முகம் அசைவற்று இருக்கும். மேலே சொன்ன சோதனையில் சில நிமிடம் நடந்தது அங்கே நாள்முழுதும் நடக்கும். அவளைக் கடிந்து பயனில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். குணமாகக்கூடிய நோய் அது.

குழந்தையின் உடல்மொழியில் வீட்டு வைத்தியத்திற்கு இடமில்லாத சில செய்திகளும் உண்டு. பால் குடிக்க மறுத்தல், தூண்டினாலும் அசையாது துவண்டிருத்தல், வலிப்பு, நிமிடத்திற்கு 60 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குதல், உடல் சுடுதல் அல்லது சில்லிட்டிருத்தல், பிறந்த 24 மணி நேரத்திற்குள் தோன்றும் மஞ்சள், எப்போதாயினும் உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளித்தல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்க. நள்ளிரவாயினும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

பாடம் என்று எழுதிவிட்டதால் ஒரு பயிற்சியும் தருகிறேன். வீட்டில் மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தை இருப்பின், ஒரு குறிப்பேட்டைத் தொட்டிலருகே வையுங்கள். ஒரு வாரம், அமைதியான விழிப்பு எந்தெந்த வேளையில் வந்தது, எத்தனை நிமிடம் நின்றது, அப்போது எதைப் பார்த்தது, எப்போது முகத்தைத் திருப்பியது, அழுதபோது எதனால் தேறியது என்று குறியுங்கள். எழுதுபவர் தாயோ தந்தையோ ஆக இருக்கட்டும்; பாட்டிமார் பேனாவைத் தொட வேண்டா. எட்டாம் நாள் அதனை வாங்கிப் படித்துப் பார்க்கலாம்.